எத்தனை கோல் போட்டே?

(நமது சங்கத்தின் ஆண்டு விளையாட்டு விழாவில், பரிசளிப்புக்கு முன் பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். விழாவுக்கு வர இயலாதவர்களுக்காக இங்கே தருகிறோம்.)



எனக்குக் கொடுத்திருப்பது பதினைந்து நிமிடம். கேசரி ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

முதலில் என் தப்பு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம்முடைய பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் கால்பந்து அணியில் என் பேரன் ஆடுகிறான். முதல் ஆட்டம் முடிந்து வியர்வையோடு வீட்டுக்கு வந்தான். நான் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்காமலே கேட்டேன்: "எத்தனை கோல் போட்டே?" "போடல தாத்தா" என்றான். அடுத்த வாரமும் அதே கேள்வி, அதே பதில். மூன்றாவது வாரம் ஷூவை எடுக்கவே இல்லை. கால் வலிக்கிறது என்றான். கால் வலி இல்லை என்று அவன் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. இரவு என்னிடம் வந்து, "மாமா, அவனை மிட்ஃபீல்டில் நிற்க வைத்திருக்கிறார்கள். கோல் போடுவது அவன் வேலையே இல்லையாம். நீங்கள் தினமும் அதையே கேட்டால் அவன் என்ன சொல்லுவான்?" என்றாள்.

நியாயமான கேள்வி. ஐம்பது வருடமாகக் கால்பந்து பார்க்கிறவன் நான். எனக்கே அது தோன்றவில்லை. அதற்குப் பரிகாரமாகத்தான் பேரனை உட்கார வைத்து ஒரு மனிதருடைய ஆட்டங்களைப் போட்டுக் காட்டினேன். அவர் பெயர் டோனி க்ரூஸ். சினிமாவில் கட்டடத்துக்குக் கட்டடம் தாவுகிறவர் டாம் க்ரூஸ். இவர் வேறு. இவர் அதிகம் தாவ மாட்டார், அதிகம் ஓடவும் மாட்டார்.

ஒரு கணக்கு சொல்கிறேன். ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் அணிக்காக இவர் பத்து வருடம், 465 ஆட்டங்கள் ஆடினார். அதில் போட்ட கோல் 28. நான் அவர் தாத்தாவாக இருந்து, ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் என் கேள்வியைக் கேட்டிருந்தால், பெரும்பாலான நாள் "போடல தாத்தா" என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் அந்தப் பத்து வருடத்தில் ரியல் மாட்ரிட் ஐந்து முறை சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வென்றது. நான்கு முறை ஸ்பானிய லீக் பட்டம். 28 கோல் போட்டவரை எதற்காகப் பத்து வருடம் வைத்திருந்தார்கள்? இன்றைக்கு நான் பேச வந்தது இதைப் பற்றித்தான்.

டோனி க்ரூஸ் பிறந்தது 1990 ஜனவரி 4-ம் தேதி, பால்டிக் கடலோரத்தில் உள்ள கிரைஃப்ஸ்வால்ட் என்ற ஊரில். அப்போது அது கிழக்கு ஜெர்மனி. பெர்லின் சுவர் திறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றாவதற்கு இன்னும் ஒன்பது மாதம் இருந்தது. பிற்பாடு 2014-ல் உலகக் கோப்பையை வென்ற ஜெர்மன் அணியில், பழைய கிழக்கு ஜெர்மனியில் பிறந்தவர் இவர் ஒருவர்தான்.

அம்மா பாட்மின்டன் வீராங்கனை. அப்பா கால்பந்துப் பயிற்சியாளர், மகனுக்கும் அவரே பயிற்சியாளர். தம்பி ஃபெலிக்ஸும் தொழில்முறைக் கால்பந்து ஆட்டக்காரர் ஆனார். 2002-ல் பக்கத்துப் பெரிய ஊரான ரோஸ்டாக்கின் இளையோர் அணி. 2006-ல், பதினாறு வயதில், ஜெர்மனியின் மறுகோடியில் இருக்கும் பயர்ன் மியூனிக். 2007-ல் தென்கொரியாவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் ஜெர்மனிக்கு மூன்றாம் இடம்தான். ஆனால் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருது இந்தப் பையனுக்கு.

அதே ஆண்டு செப்டம்பரில் பயர்ன் அணியின் பெரியவர்களோடு முதல் லீக் ஆட்டம். மாற்று ஆட்டக்காரராகக் கடைசி நேரத்தில்தான் இறக்கிவிட்டார்கள். அந்தச் சில நிமிடங்களில் மிரோஸ்லாவ் க்ளோசா போட்ட இரண்டு கோல்களுக்குப் பந்தை எடுத்துக் கொடுத்தது இவர். பதினேழு வயதிலேயே அவர் வேலை என்ன என்பது தெரிந்துவிட்டது பாருங்கள்.

ஆனாலும் அங்கே நிலையான இடம் கிடைக்கவில்லை. 2009 ஜனவரியில் லெவர்குசன் அணிக்கு ஒன்றரை வருடக் கடனாக அனுப்பினார்கள். பிள்ளைகளே, இதைக் கவனியுங்கள். உலகத்திலேயே சிறந்த இளம் ஆட்டக்காரர் என்று விருது வாங்கிய பையனை, இரண்டே வருடத்தில் "நீ கொஞ்ச நாள் வேறு இடத்தில் ஆடிவிட்டு வா" என்றார்கள். அவர் போனார், ஒவ்வொரு வாரமும் ஆடினார், அங்கேதான் முழு ஆட்டக்காரர் ஆனார். திரும்பி வந்தபோது யாரும் அவரை பெஞ்சில் உட்கார வைக்கவில்லை.

2013-ல் பயர்ன் ஒரே பருவத்தில் மூன்று பெரிய கோப்பைகளையும் வென்றது. சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தின்போது க்ரூஸ் களத்தில் இல்லை. ஏப்ரலில் ஏற்பட்ட காயம். அவருடைய முதல் சாம்பியன்ஸ் லீக் கோப்பை, தான் ஆடாத இறுதி ஆட்டத்தில் வந்தது.

அடுத்த வருடம் பிரேசிலில் உலகக் கோப்பை. ஜூலை 8, அரையிறுதி. பிரேசிலை அதன் சொந்த மண்ணில் ஜெர்மனி 7-1 என்று தோற்கடித்தது இங்கே நிறையப் பேருக்கு ஞாபகம் இருக்கும். முதல் கோல், க்ரூஸ் அடித்த கார்னரில் தாமஸ் முல்லர் போட்டது. பிறகு க்ரூஸே இரண்டு கோல் போட்டார். இரண்டுக்கும் நடுவே 69 விநாடிதான். கோல் போடத் தெரியாமல் பாஸ் கொடுத்துக்கொண்டிருந்தவர் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அந்தக் கோப்பை முடிந்த கையோடு அவர் ரியல் மாட்ரிட் போனார். பயர்னோடு ஒப்பந்தப் பேச்சு ஒத்துவரவில்லை. அதற்கு முன் மான்செஸ்டர் யுனைடெட் போவதாக இருந்தது. அங்கே பயிற்சியாளராக இருந்த டேவிட் மோயஸோடு எல்லாம் பேசி முடித்த நிலையில், மோயஸின் வேலை போய்விட்டது. பிறகுதான் ரியல் பயிற்சியாளர் அன்செலோட்டியிடமிருந்து அழைப்பு. இதை க்ரூஸே சொல்லியிருக்கிறார்.

சரி, மாட்ரிட்டில் பத்து வருடம் என்ன செய்தார்?

பேரனோடு பார்க்கும்போது ஒரு விளையாட்டு வைத்துக்கொண்டோம். ஐந்து நிமிடம் பந்தைப் பார்க்கக் கூடாது, க்ரூஸை மட்டும்தான் பார்க்க வேண்டும். நீங்களும் செய்து பாருங்கள். மூன்றாவது நிமிடத்திலேயே பேரன் கண்டுபிடித்துவிட்டான். "தாத்தா, பந்து வர்றதுக்கு முன்னாடியே திரும்பித் திரும்பிப் பாக்குறாரு." அதுதான் விஷயம். பந்து காலுக்கு வந்த பிறகு யோசிக்கிறவர் இல்லை. யார் எங்கே நிற்கிறார்கள், யாருக்கு இடம் இருக்கிறது என்பதை முன்பே பார்த்து வைத்திருப்பார். பந்து வந்ததும் ஒரு தொடல், அடுத்து பாஸ். வலது கால், இடது கால் என்ற வித்தியாசமும் இல்லை. அதனால்தான் அவர் அவசரமாக ஓடுவதைப் பார்க்க முடியாது.

இன்னொன்றையும் பார்த்தோம். அடிக்கடி இடது பக்கம் பின்னால் இறங்கி, தடுப்பாட்டக்காரர்களுக்குப் பக்கத்தில் வந்து நிற்பார். ஏன்? இடது தடுப்பாட்டக்காரர் மார்செலோ முன்னால் ஓடிப் போக வேண்டும். அவர் விட்டுப்போன இடத்தைக் காக்கவும் அங்கிருந்து ஆட்டத்தைத் தொடங்கவும் ஒருவர் வேண்டும். முன்னால் போகிறவரைத்தான் கேமரா காட்டும்.

ஜெர்மனியில் இதற்காக அவரைக் கேலி செய்தவர்கள் உண்டு. முன்னால் கொடுக்காமல் பக்கவாட்டிலேயே பாஸ் கொடுக்கிறார் என்று "குறுக்குப் பாஸ் டோனி" என்றே பட்டப்பெயர் வைத்தார்கள். குறுக்குப் பாஸ் எதற்கு என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். எதிரணி ஒரு திரை மாதிரி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்து இடது பக்கம் போனால் திரை முழுக்க இடது பக்கம் நகரும். வலது பக்கம் போனால் வலது பக்கம் நகரும். நாலைந்து முறை இழுத்தால் எங்கேயாவது ஒரு இடத்தில் விலகும். அந்த விலகலுக்காகத்தான் அத்தனை பாஸும். விலகிய நொடியில் முன்னால் கொடுக்கத் தெரிய வேண்டும்.

2024 ஏப்ரல் 30, மியூனிக் நகரில் பழைய அணியான பயர்னுக்கு எதிராக அரையிறுதி. பந்து க்ரூஸின் காலில். முன்னால் நிற்கும் வினிசியஸ் ஜூனியருக்கு எங்கே ஓட வேண்டும் என்று கையை நீட்டிக் காட்டுகிறார். வினிசியஸ் ஓடுகிறார். மொத்தத் தடுப்பையும் பிளந்துகொண்டு பந்து அவர் காலுக்குப் போகிறது. கோல். கணக்கில் கோல் வினிசியஸ் பெயரில். அந்தக் கையைப் பார்த்தீர்களா என்று பேரனிடம் நான் கேட்கவில்லை. அவன்தான் என்னிடம் கேட்டான்.

அவரும் தவறு செய்தவர்தான். 2014 உலகக் கோப்பை இறுதி ஆட்டம், அர்ஜென்டினாவுக்கு எதிராக. 21-வது நிமிடத்தில் க்ரூஸ் தலையால் பின்னால் தள்ளிய பந்து, நேராக எதிரணியின் ஹிகுவைனிடம் போய்விட்டது. முன்னால் கோல் கீப்பர் மட்டும். ஹிகுவைன் வெளியே அடித்துவிட்டார். அது கோலாகியிருந்தால் க்ரூஸின் வாழ்க்கைக் கதையை ஜெர்மனியில் வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருப்பார்கள். அன்று மரியோ கோட்சே 113-வது நிமிடத்தில் போட்ட கோலில் கோப்பை கிடைத்தது. அணி என்பது இதற்கும்தான். ஒருவருடைய சறுக்கலை மற்றவர்கள் சேர்ந்து கடந்து போக வேண்டும்.

நான்கு வருடம் கழித்து ரஷ்யாவில், சோச்சி நகரில் சுவீடனோடு ஆட்டம். முதல் ஆட்டத்தில் தோற்றிருந்த ஜெர்மனிக்கு வாழ்வா சாவா நிலை. க்ரூஸ் கொடுத்த பாஸ் ஒன்று தவறிப் போய், அதிலிருந்து சுவீடன் கோல் போட்டது. பிற்பகுதியில் சமன் ஆனது. கடைசியில் ஜெர்மனி பத்துப் பேரோடு ஆடிக்கொண்டிருக்கிறது. 95-வது நிமிடத்தில் இடது ஓரத்தில் ஒரு ஃப்ரீ கிக். தவறு செய்த அதே மனிதர் போய்ப் பந்துக்குப் பக்கத்தில் நின்றார். மார்கோ ராய்ஸிடம் லேசாகத் தட்டினார், ராய்ஸ் நிறுத்தினார், க்ரூஸ் வளைத்து அடித்தார். தூரத்து மூலையில் கோல். ஆட்டம் முடிந்ததும், முதல் கோல் தன் தவறால் போனது என்று தானே சொன்னார். அந்த உலகக் கோப்பையில் ஜெர்மனி அடுத்த ஆட்டத்தில் தென்கொரியாவிடம் தோற்று முதல் சுற்றோடு வெளியேறியது வேறு விஷயம். தப்பு செய்த பிறகும் பந்தைக் கேட்கிற தைரியம்தான் இங்கே நான் காட்ட விரும்புவது. நம் பிள்ளைகள் ஒரு பாஸ் தவறிப்போனால் வெளியில் நிற்கும் அப்பா அம்மா முகத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நம் முகத்தை நாம் கொஞ்சம் சரி செய்துகொள்ளலாம். நான் என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

2021-ல் ஐரோப்பியக் கோப்பையில் இங்கிலாந்திடம் தோற்றதும் தேசிய அணியிலிருந்து க்ரூஸ் ஓய்வு பெற்றார். அப்போது பயர்ன் அணியின் பெரிய தலை ஊலி ஹோனஸ், இவருடைய ஆட்டமுறை காலாவதியாகிவிட்டது என்கிற மாதிரி வெளிப்படையாகவே பேசினார். க்ரூஸ் மாட்ரிட்டில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெர்மனி 2022 உலகக் கோப்பையிலும் முதல் சுற்றோடு வெளியேறியது. 2024-ல் ஐரோப்பியக் கோப்பை சொந்த நாட்டில் நடக்கப்போகிறது. புதிய பயிற்சியாளர் நாகெல்ஸ்மான் க்ரூஸை அழைத்தார். வந்தார்.

மார்ச் 23, பிரான்சின் லியோன் நகரில் திரும்பி வந்த முதல் ஆட்டம். ஆட்டம் தொடங்கிப் பந்து க்ரூஸிடம் வருகிறது. அவர் ஒரே பாஸில் முன்னால் அனுப்புகிறார். இளைஞர் ஃப்ளோரியன் விர்ட்ஸ் தூரத்திலிருந்தே அடிக்கிறார். ஏழாவது விநாடியில் கோல். குறுக்குப் பாஸ் என்று சிரித்தவர்களுக்கு அதற்கு மேல் ஒரு பதில் வேண்டியதில்லை.

மே மாதம், ஐரோப்பியக் கோப்பையோடு கால்பந்தை விட்டே ஓய்வு பெறுகிறேன் என்று அறிவித்தார். வயது 34. ரியல் மாட்ரிட் போகச் சொல்லவில்லை. நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்த வேண்டும் என்பது அவருடைய எண்ணம். மாட்ரிட்டின் சொந்த மைதானத்தில் கடைசி ஆட்டத்தன்று, வெளியே வந்து காத்திருந்த தன் பிள்ளைகளைக் கட்டிக்கொண்டார். ஜூன் 1-ம் தேதி லண்டனில் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம். டார்ட்மண்ட் அணி நன்றாக ஆடிக்கொண்டிருந்தது. 74-வது நிமிடத்தில் க்ரூஸ் அடித்த கார்னரில் கார்வஹால் தலையால் கோல் போட்டார். கோப்பை. க்ரூஸுக்கு ஆறாவது.

ஐரோப்பியக் கோப்பையின் தொடக்க ஆட்டம் ஸ்காட்லாந்தோடு, 5-1 வெற்றி. அதில் க்ரூஸ் கொடுத்த பாஸ் 102, சரியாகப் போய்ச் சேர்ந்தது 101. இதைச் சொன்னதும் என் பேரன் கேட்ட கேள்வி: "அந்த ஒண்ணு எங்க போச்சு தாத்தா?" அதைத் தேடி இரண்டு ராத்திரி உட்கார்ந்தோம். எண்ணிக்கை அறுபதைத் தாண்டும்போதெல்லாம் தவறிப்போகும். கண்டுபிடிக்க முடியவில்லை.

கடைசி ஆட்டம் ஜூலை 5, ஸ்டுட்கார்ட், ஸ்பெயினோடு. அவருடைய வாழ்க்கையை இனிப்பாக மட்டும் சொல்லி முடிக்கக் கூடாது. தொடக்கத்திலேயே க்ரூஸ் மோதியதில் ஸ்பெயினின் இளம் ஆட்டக்காரர் பெட்ரி காயத்தோடு வெளியேற வேண்டி வந்தது. கூடுதல் நேரத்தில் 119-வது நிமிடத்தில் ஸ்பெயின் கோல் போட்டு 2-1 என்று வென்றது. அதோடு க்ரூஸின் கால்பந்து முடிந்தது. பிறகு பெட்ரியிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார், வேண்டுமென்று செய்யவில்லை என்றார். 114 ஆட்டம், 17 கோல். தேசிய அணிக் கணக்கு அவ்வளவுதான்.

கடைசி வரை அவர் காலில் இருந்தது பத்து வருடப் பழைய மாடல் வெள்ளை ஷூ. கடைகளில் அந்த மாடல் போய்ப் பல வருடம் ஆன பிறகும் அவருக்காகத் தயாரித்துக் கொடுத்தார்கள். தனக்கு எது ஒத்துவருகிறது என்று தெரிந்த மனிதர்.

நம் குடியிருப்பிலும் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். கோடையில் காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் லாரிக்குப் போன் போடுகிறவர், லிஃப்ட்காரரை விடாமல் துரத்துகிறவர், மாதா மாதம் மெயின்டனன்ஸ் கணக்கை ஒரு ரூபாய் பிசகாமல் எழுதி வைக்கிறவர். குழாயில் தண்ணீர் வருகிற நாளில் அவர்களை நாம் நினைப்பதில்லை. வராத நாளில் வாட்ஸ்ஆப்பில் தேடுகிறோம். இன்றைக்கு அவர்களும் இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். பெயர் சொன்னால் கூச்சப்படுவார்கள். கேசரி வாங்கும்போது பக்கத்தில் போய் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

விளையாட்டுக் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். இன்றைய பரிசுப் பட்டியலைப் பார்த்தேன். அதிக கோல் போட்டவருக்கு ஒரு கோப்பை இருக்கிறது. கட்டாயம் இருக்க வேண்டும், அந்தப் பிள்ளை உழைத்து வாங்குகிறது. அடுத்த வருடம் அதிக கோலுக்குப் பந்து எடுத்துக் கொடுத்த பிள்ளைக்கும் ஒரு கோப்பை வையுங்கள். செலவு என்னுடையது. அதற்கு ஒருவர் நோட்டோடு உட்கார்ந்து எண்ண வேண்டும். அந்த வேலையும் என்னுடையது. அறுபதுக்கு மேல் எண்ணிக்கை தவறும் என்று சொல்லிவிட்டேன், அதனால் உதவிக்கு இன்னொருவர் பெயர் கொடுத்தால் நல்லது.

பெற்றோர்களுக்கும் என் மாதிரித் தாத்தா பாட்டிகளுக்கும் ஒன்று. பிள்ளை ஆடிவிட்டு வந்ததும் பேப்பரைக் கீழே வையுங்கள். "இன்னிக்கு யாருக்குப் பாஸ் கொடுத்தே?" என்று கேளுங்கள். நான் கேட்டுப் பார்த்தேன். முன்பெல்லாம் "போடல தாத்தா" என்று இரண்டு வார்த்தையோடு குளிக்கப் போகிறவன், அன்றைக்கு அரை மணி நேரம் பேசினான். டம்ளர், ஸ்பூன், என் கண்ணாடிக் கூடு எல்லாவற்றையும் மேஜையில் அடுக்கி, யார் எங்கே நின்றார்கள் என்று காட்டினான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஷூவைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டு போனான். அவன் அணி இந்த வருடம் மூன்றாம் இடம். அவன் இன்னும் ஒரு கோல்கூடப் போடவில்லை.